வலி உங்களுக்கு, பயிற்சி நெட்டைக்கு

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் பாப்பாவும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்றுதான் சொல்வீர்கள். கை ஒடிந்து தொங்கினாலும் சுகம் என்று சொல்கிற ஆள் நீங்கள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் கத்த ஆரம்பித்தால், நீங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்துவிட்டு 'ம்' கொட்டிக்கொண்டே துணி மடிப்பீர்கள். இன்னும் கொஞ்சம் சத்தம் கூடினால் சிக்னல் இல்லை என்பீர்கள். எனக்குக் கோபம் வரும்போது மட்டும் உங்கள் ஊரில் சிக்னல் போய்விடுகிறது. அதுவும் போக, கோபமாகப் பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும், சொல்ல வந்ததில் பாதி விட்டுப்போகும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முழுசாகப் படியுங்கள். படித்தபிறகு கிழித்துப் போடுவதென்றால் போடுங்கள்.

நேற்று மத்தியானம் நான் ஆஸ்பத்திரி கவுண்டரில் இருக்கும்போது முதுகு டீச்சர் போன் பண்ணினாள். உங்களுக்கு வீடியோவில் முதுகுப் பயிற்சி சொல்லித்தருகிற பிசியோதெரபிப் பெண்ணைத்தான் சொல்கிறேன். பாப்பா வைத்த பெயர் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாடியில்தான் அவள் அறை. இறங்கி வந்து சொல்லக்கூடப் பொறுமை இல்லாமல் போனில் கூப்பிட்டாள், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அக்கா, உங்க வீட்டுக்காரர் பின்னி எடுக்கிறார் என்றாள். இடுப்பில் ஒன்று, தொடையில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று கட்டிக்கொள்ளச் சொல்லிப் பட்டைகள் அனுப்பினார்களே, அதிலிருந்து அவள் கம்ப்யூட்டருக்குக் கோடு கோடாக வருமாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி நெஞ்சோடு அணைக்கிற பயிற்சியில் உங்கள் வலது கால் இப்போது முழுசாக மடங்குகிறதாம். முதல் நாள் பாதிகூட மடங்காமல் நின்ற கால், ஏதோ பழைய பிடிப்பு என்று நீங்கள் சொன்ன கால், இப்போது சின்னப் பிள்ளைக் கால் மாதிரி மடங்குகிறதாம். இந்த மாதிரி முன்னேற்றத்தை அவள் பார்த்ததே இல்லையாம். பெரிய டாக்டரிடம் காட்டப் போகிறாளாம்.



பிடிப்பா அது? பாப்பா என் வயிற்றில் இருக்கும்போது நீங்கள் ஸ்கூட்டரோடு லாரியில் மோதி, முழங்காலுக்குள் தகடு வைத்து மூடினார்களே, அதற்குப் பேர் பிடிப்பா? இதற்குமேல் இந்தக் கால் மடங்காது, இதோடுதான் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று எலும்பு டாக்டர் கையை விரித்தபோது பக்கத்தில் நின்றது யார்? அந்தக் காலை நீட்டிக்கொண்டுதான் சாப்பிட உட்காருகிறீர்கள். பஸ்ஸில் ஓரத்து இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருகிறீர்கள். அந்தக் காலுக்கு சாக்ஸ் மாட்டிவிட்டது நான். அந்த முழங்கால் எவ்வளவு மடங்கும், எந்த இடத்தில் நிற்கும் என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதும் புத்தி நம்ப மறுத்தது. வேறு என்னம்மா மாறியிருக்கிறது என்று கேட்டேன். நடக்கும்போது எட்டு நீளமாகியிருக்கிறது அக்கா, இடுப்பு நல்லா திறந்திடுச்சு என்றாள். அங்கேதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. குடோன் ரூமில் உங்களோடு தங்கியிருப்பவர்களில் எட்டு நீளமாக வைக்கிற ஆள் ஒருவன்தான். போன தடவை உங்களோடு வந்து, நம் வீட்டு வாசல்நிலையில் தலையை இடித்துக்கொண்டு நின்றானே, அந்த நெட்டை.

பரீட்சைக்கு ஆள் மாறாட்டம் செய்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வரிசையில் நிற்க ஆள் வைப்பார்கள், சுவர் கட்ட ஆள் வைப்பார்கள். தன் முதுகு வலிக்கு அடுத்தவனைத் தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொன்னவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். யார் காதில் பூச் சுற்றுகிறீர்கள்? அந்தப் பெண் காதிலா, என் காதிலா? எழுதும்போதே வாயில் நன்றாக வருகிறது. பாப்பா பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருப்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு அடுத்து நின்றவரிடம் பேர் கேட்டேன். அவர் சொன்னார். திரும்பவும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும், என்னம்மா, உடம்பு சரியில்லையா என்று அந்த நோயாளி என்னைப் பார்த்துக் கேட்கிறார்.

நான் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? என் கண்ணாடிக்கு எதிரே இருப்பது ரத்தம் சுத்தம் செய்கிற பிரிவின் கதவு. சிறுநீரகம் போனவர்கள் வாரத்தில் பாதி நாள் அந்தக் கதவுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் உங்களைப் போல வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்கினவர்கள் தெரியுமா? டாக்டர் உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்? சிறுநீரகம் ஏற்கெனவே பாதி களைத்துவிட்டது, வலி மாத்திரை இனி வாய்க்குப் போகக்கூடாது, முதுகைப் பயிற்சியால்தான் சமாளிக்க வேண்டும் என்றார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். வெளியூரில் இருப்பவரைச் சேர்க்க முடியாது என்று பிசியோதெரபித் தலைவர் சொன்னபோது, அவர் அறை வாசலிலேயே நின்று, ஐயா வீடியோவில் பார்க்கலாமே என்று கெஞ்சியது நான். கூட வேலை செய்பவர்கள் முன்னால் கெஞ்சினேன். எனக்கு அது ஒன்றும் பெரிதில்லை. நீங்கள் அதை நெட்டைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டீர்களே, அதுதான் ஆறவில்லை.

பாப்பாவை நினைத்தால் இன்னும் எரிகிறது. அந்த ஆப்பை உங்கள் போனில் ஏற்றிக் கொடுத்தவள் அவள். பயிற்சி செய்த நாளெல்லாம் அவள் போனிலும் பச்சையாகத் தெரியும் இல்லையா? அப்பா இந்த வாரமும் முழுக்கப் பச்சை என்று காலேஜ் தோழிகளிடம் காட்டுகிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

இதற்குமேல் எழுதப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கோடெல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பி, நீங்கள் முழு ஷிப்டும் வண்டி ஓட்டலாம், இரட்டை ஷிப்டும் பார்க்கலாம் என்று அந்தப் பெண் உங்கள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். நெட்டையின் முதுகைப் பார்த்து உங்கள் முதுகுக்குச் சான்றிதழ்! சரக்கு தூக்குகிற அந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் பெட்டிகள் முன்னால் மறைக்கும், பாதி நேரம் பின்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும், இடுப்பை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். ஒரு ஷிப்டுக்கே கட்டையாக விறைத்துப் போகிற முதுகு இரட்டை ஷிப்டை எப்படித் தாங்குகிறது? பயிற்சியும் செய்யவில்லை. அப்படியானால் எதை வைத்து உட்கார்ந்திருக்கிறீர்கள்?

மறுபடியும் மாத்திரை போடுகிறீர்களா? போடுகிறேன், போடவில்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். சுற்றி வளைக்காதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. பயந்து அல்ல. அதை உங்கள் வாயால் சொன்னால்தான் உங்களுக்கு மரியாதை. இந்த வார வீடியோவில் அவளிடம் சொல்லிவிடுங்கள். சொல்லவில்லை என்றால் நான் மாடி ஏறுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

பாப்பா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் ஜன்னல் கதவைச் சாத்திப் படுங்கள், குளிர் பட்டால் இடுப்பு இன்னும் பிடிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் முழங்காலை நன்றாகத் தெரிந்தவள்

*

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நெட்டை வணக்கத்தோட எழுதிக்கிறது. எனக்கு எழுத்து அவ்வளவா வராது. தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. தப்பு எழுத்துல மட்டும் இல்லன்னு எனக்கும் தெரியும்.

அண்ணன் உங்க கடிதத்தை வாங்கி வாசல்ல நின்னே படிச்சார். படிச்சு முடிச்சுட்டு என் கையில கொடுத்தார். நீ படி, உன்னையும்தான் திட்டியிருக்கா அப்படின்னார். அவ்வளவுதான். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவர் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கல. பதில் எழுதுங்கண்ணேன்னு சொல்லிப் பார்த்தேன். என்னத்தை எழுதறதுன்னு கேட்கிறார். அதனாலதான் நானே உட்கார்ந்தேன்.

அண்ணி, அண்ணனை ஏமாத்துக்காரர்னு மட்டும் நினைச்சுடாதீங்க. முதல்ல அவரேதான் செஞ்சார். எங்க ரூமை நீங்க பார்த்ததில்லை. மேலும் கீழுமா அடுக்குக் கட்டில். நடுவுல ஒரு ஆள் படுக்கற அளவுக்குத்தான் தரை. அண்ணன் அங்க துண்டை விரிச்சுப் படுத்தார்னா, பாத்ரூம் போறவன் எல்லாம் அவரைத் தாண்டித்தான் போகணும். அவர் காலைத் தூக்கறதும், இடுப்பைத் தூக்கறதும், குழந்தை மாதிரி நாலு கால்ல நின்னு முதுகை வளைக்கறதும் இவனுங்களுக்குப் பொழுதுபோக்காப் போச்சு. சமையல்காரன் கரண்டியோட வந்து நின்னு பார்ப்பான். வெல்டர் ஒருத்தன், அண்ணே எத்தனையாவது மாசம்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன் அண்ணி. அதை மறைக்க விரும்பல.

அன்னிக்கு வலது கால் நெஞ்சு பக்கம் வரவே இல்லை. ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தார். முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. அப்படியே எழுந்து பட்டையை அவுத்து என் கட்டில்மேல போட்டார். நீ கட்டிக்கடா, உனக்குத்தான் வேலைவெட்டி இல்லையேன்னார். விளையாட்டுக்குச் சொல்றார்னு நினைச்சுக் கட்டிக்கிட்டேன். மறுநாளும் கட்டிக்கச் சொன்னார். அப்புறம் அதுவே பழகிப் போச்சு. வீடியோவுல அந்த மேடம் வரும்போது மட்டும் அவர் நாற்காலியில உட்கார்ந்து பேசுவார்.

ஏன் பச்சை வேணும்னு நீங்க கேட்கலாம். இங்க ஒரு வழக்கம் இருக்கு. முதுகு வலின்னு எழுதிக் கொடுத்துச் சிகிச்சையில இருக்கறவங்க தேறலைன்னா வண்டியிலிருந்து இறக்கிடுவாங்க. குடோன் மூலையில லேபிள் ஒட்டற மேஜை இருக்கு. கை போனவன், கண்ணு மங்கினவன் எல்லாம் அங்கதான் உட்காருவான். பசங்க அதைப் பெரியாஸ்பத்திரின்னு கூப்பிடுவானுங்க. சம்பளம் அதேதான். ஆனா அண்ணனுக்கு வண்டின்னா உயிர். மேல் தட்டுக்கு அவரை மாதிரி ஆடாம அசையாமச் சரக்கு ஏத்த இந்தக் குடோன்ல ஆள் கிடையாது. புதுப் பையன் யார் வந்தாலும், போய் அவர் ஓட்டறதைப் பாருன்னுதான் சூப்பர்வைசர் அனுப்புவார். அவரைக் கொண்டுபோய் அந்த மேஜையில எப்படி உட்கார வைக்கறது? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

மாத்திரை கேட்டிருந்தீங்க. போடறார் அண்ணி. கம்பெனி கேட்டுக்கு எதிர்த்த மருந்துக் கடையிலதான் வாங்கறார். ஷிப்டுக்கு முன்னாடியும் போடறார், நடுவுலயும் போடறார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்கன்னு எழுத நினைச்சேன். அப்புறம், சொல்லிட்டுப் போங்கன்னு தோணுச்சு. போன வாரம் ஷிப்டு முடிஞ்சு எல்லாரும் போயாச்சு, இவர் மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். ஏதோ எழுதற மாதிரி பாவலா பண்ணிட்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தா இறங்க முடியல. நான்தான் கக்கத்துல கை கொடுத்து இறக்கினேன். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னார்.

இந்த வாரம் மேடம் வீடியோவுல வந்தப்பவும் உண்மையைச் சொல்லல. எல்லாம் நல்லா இருக்கும்மான்னுட்டார். நான் கட்டில்ல உட்கார்ந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்.

கடைசியா ஒண்ணு. சொன்னா அடிக்க வருவீங்க, இருந்தாலும் சொல்றேன். மூட்டை தூக்கித் தூக்கி எனக்கும் ரொம்ப வருஷமா முதுகு வலி உண்டு. வெளிய சொன்னதில்லை. இப்ப அது பாதிக்குமேல குறைஞ்சு போச்சு. காலையில எழுந்தா குனிஞ்சு செருப்பு மாட்ட முடியுது. அந்த மேடத்துக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். அதை அவங்ககிட்ட சொல்லவும் வழியில்லை.

பாப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் கால்தூசி,
நெட்டை

*

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் உங்களுக்குக் கடிதம் போட்டால் பதில் நெட்டை எழுதுகிறான். பயிற்சிக்கும் அவன், பதிலுக்கும் அவன். இனி பாப்பா கல்யாணத்துக்கும் அவனையே மணையில் உட்காரச் சொல்லிவிடலாமா? அவனைத் திட்ட மாட்டேன். அவனாவது ஒளிக்காமல் எழுதினான். முதுகு சரியாகிவிட்டது என்று அவன் எழுதிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் வந்த ஆத்திரம் இருக்கிறதே, அப்போது நீங்கள் எதிரில் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம். செய்தவனுக்குச் சரியாகிறதே ஐயா! கட்டில்மேல் உட்கார்ந்து அதைத் தினமும் கண்ணால் பார்த்தீர்களே, அப்போதுகூட நாமும் செய்து பார்ப்போம் என்று தோன்றவில்லையா?

சொன்னபடி மாடி ஏறினேன். அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழங்கால் தகடு, நெட்டை, வெல்டரின் கிண்டல், எதிர்க்கடை மாத்திரை, எதையும் விடவில்லை. அவள் முகம் இத்தனை சிறிசாகப் போய்விட்டது. பாவம், பெரிய டாக்டரிடம் உங்கள் கோடுகளைக் காட்டிப் பாராட்டுகூட வாங்கியிருக்கிறாள். அவள் என்னைப் பார்த்துக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டு, நான் கோட்டைத்தான் பார்த்தேன் அக்கா, ஆளைப் பார்க்கல என்றாள். அத்தனை பேர் நடுவுல தரையில படுக்கச் சொன்னது என் தப்பு, எங்க படுத்துச் செய்யறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் என்றாள். உங்களை அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதையும் சேர்த்து நானே சொல்லிக்கொண்டேன்.

இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். கம்பெனிக்குக் கொடுத்த கடிதத்தை அவள் திருப்பி வாங்கிவிட்டாள். முதுகு தேறும்வரை உங்களை வண்டியில் ஏற்றக்கூடாது, உட்கார்ந்தும் நடுவில் எழுந்து நடந்தும் செய்கிற வேலைதான் தர வேண்டும் என்று டாக்டர் கையெழுத்தோடு புதுக் கடிதம் போயிருக்கிறது. அவளாகச் செய்யவில்லை. உங்களிடம் ஒரு தடவை பேசிவிட்டு அனுப்பட்டுமா என்றுதான் கேட்டாள். வேண்டாம், இப்போதே அனுப்பு, பேசினால் அந்த மனிதர் உன்னையும் பேசியே கவிழ்த்துவிடுவார் என்று பக்கத்தில் நின்று அனுப்ப வைத்தவள் நான். ஆக, உங்களை வண்டியிலிருந்து இறக்கியது சூப்பர்வைசர் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. நான்தான்.

அந்த லேபிள் மேஜையில் உட்காருவது உங்களுக்கு அவ்வளவு கேவலமா? எனக்குப் புரியவே இல்லை. நான் இத்தனை வருஷமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்? பேர் கேட்கிறேன், அச்சடிக்கிறேன், ஃபைலில் ஒட்டுகிறேன். அந்த வேலையில்தான் பாப்பா படிக்கிறாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெரியாஸ்பத்திரி என்று மனசுக்குள் சிரித்தீர்களா? இல்லை அல்லவா? பிறகு உங்களுக்கு மட்டும் என்ன தனியாகக் கொம்பு முளைத்திருக்கிறது? மேல் தட்டுக்கு ஆடாமல் சரக்கு ஏற்றுவீர்களாம். இருக்கட்டும், எனக்கும் பெருமைதான். இறங்குவதற்கு நெட்டை கக்கத்தில் கை கொடுக்க வேண்டியிருக்கிறதே, அந்தப் பெருமையை என்ன செய்வது?

இரண்டு காரியம் உடனே செய்யுங்கள். மிச்சம் இருக்கும் மாத்திரையை நெட்டையிடம் கொடுத்துவிடுங்கள், அவன் தூக்கிப் போடுவான். அடுத்தது, கம்பெனி டாக்டரிடம் போய் ரத்தம் கொடுங்கள். முடிவை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் வாய்வழியாக எனக்கு வேண்டாம்.

பயிற்சியை அவள் அடியோடு மாற்றிவிட்டாள். தரையில் படுக்க வேண்டாம், முழங்காலை இழுக்கவும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து செய்வது கொஞ்சம், சுவரில் கை ஊன்றி நின்று செய்வது கொஞ்சம், பிறகு வெளியே நடை. உங்கள் தகட்டுக் காலுக்கு என்றே யோசித்து வைத்திருக்கிறாள். கோட்டை நம்பி ஒரு தடவை ஏமாந்தாள் இல்லையா, இனி முதல் சில வாரம் தினமும் சாயங்காலம் வீடியோவில் அவளே கூட இருப்பாளாம். போனைத் தள்ளி வைத்துத் தலைமுதல் கால்வரை தெரிய நிற்க வேண்டும். ரூமில் வேண்டாம் என்றால் குடோன் பின்புறம், மாடி, எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள் என்கிறாள். நெட்டையை அவன் பேரிலேயே சேர்த்துவிட்டேன், அவனுக்குத் தனிப் பட்டை வரும். இரண்டு பேராக நின்று செய்யுங்கள். வெல்டர் மறுபடியும் எத்தனையாவது மாசம் என்று கேட்டால், என் போன் நம்பரைக் கொடுங்கள். நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

வலி அடியோடு போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. நானும் ஆசை காட்டமாட்டேன். முதலில் வலிக்கத்தான் செய்யுமாம். வலித்தால் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தம் இல்லையாம், பல வருஷம் பயந்து விறைத்துக் கிடந்த சதை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அசையப் பழகுமாம். ஒரு நாள் அதிகம் வலித்தால் அன்றைக்குப் பாதியோடு நிறுத்தி, மறுநாள் மறுபடி செய்ய வேண்டும். மாத்திரை போட்டால் வலி தெரியாமல் போகும், அவ்வளவுதான், சிறுநீரகத்துக்கு அது தெரியும் என்றாள். நன்றாகத் தேறினால் அவளே பழையபடி வண்டி ஓட்டக் கடிதம் கொடுப்பாள். அது உங்கள் முதுகுக்குக் கொடுக்கிற கடிதமாக இருக்கும்.

பாப்பாவிடமும் சொல்லிவிட்டேன். உடனே அந்தப் பச்சைக் கட்டங்களைத் தன் போனிலிருந்து அழித்தாள். அப்பாவிடம் ஒன்றும் கேட்காதேம்மா என்றாள். நான் கேட்காமல் இருக்கிற ஆளா?

இதைப் படித்ததும் உங்களுக்கு என்மேல் கோபம் பற்றிக்கொண்டு வரும். வரட்டும். கேட்காமல் என் வண்டியைப் பிடுங்கிவிட்டாளே என்று கட்டிலைக் குத்துவீர்கள். குத்துங்கள். ஆனால் நெட்டையிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள். நீங்களே எழுதுங்கள். எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டுங்கள்.

ஒன்று சொல்கிறேன். ரத்தம் சுத்தம் செய்ய எங்கள் எதிர்க்கதவுக்கு ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார். முன்பெல்லாம் இரண்டு பேரும் என் கண்ணாடிக்கு முன்னால் நின்றே சண்டை போடுவார்கள். மருந்துச் சீட்டை எங்கே வைத்தாய், ஏன் இவ்வளவு வேகமாகத் தள்ளுகிறாய், நீங்கள்தானே எடுத்து வைக்கிறேன் என்றீர்கள் என்று, வரிசையே திரும்பிப் பார்க்கும். கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா என்று நானே அதட்டியிருக்கிறேன். இப்போது கொஞ்ச நாளாக அந்த அம்மா சண்டை போடுவதில்லை. அவர் என்ன சொன்னாலும் சரிங்க என்கிறார். தப்பாகச் சொன்னாலும் சரிங்க. முகத்தைத் துடைத்துவிட்டு, போர்வையை இழுத்து விட்டு, சரிங்க, சரிங்க என்று பூப்போல பேசுகிறார். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் அடுத்த பேரைக் கேட்கிறேன்.

அப்படி நான் உங்களிடம் பணிவாகப் பேசுகிற நாள் வரவே கூடாது. சொல்லிவிட்டேன். நீங்கள் திடமாக இருக்க வேண்டும், நான் இப்படியே உங்களைத் திட்டிக்கொண்டே கிழவியாக வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
உங்கள் மனைவி